தவளையின் இடது கண்

அன்பு மகள் செல்விக்கு,

போலகத்திலிருந்து அப்பா. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால்தான் மீதியை நீ பதறாமல் படிப்பாய். உன் கடிதம் வந்த அன்று நான் வயலில் இருந்தேன். தபால்காரர் சைக்கிளை ரோட்டிலேயே சாய்த்துவிட்டு, "அய்யா, அமெரிக்கா கடுதாசி!" என்று வரப்பில் நடந்தே வந்துவிட்டார். வாய்க்காலில் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று படித்தேன். அம்மாவின் முதல் தெவசத்துக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். லீவு இல்லை என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நீ அப்படி எழுதவில்லை. "அம்மா கேட்டதை இன்னும் நான் கண்டுபிடிக்கவில்லை அப்பா. எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் வருவேன்?" என்று எழுதியிருக்கிறாய். ஒரு வாரமாக அந்த வரிக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். பேசத் தெரிந்த அளவுக்கு எனக்கு எழுத வராது. ஆனாலும் அம்மா என்ன கேட்டாள், எதைக் கேட்கவே இல்லை என்பதை உன்னைவிட நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். அதனால் இதை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதையும் இதில் வரும். நான் பார்த்த மாதிரி அதை நீ பார்த்திருக்க மாட்டாய்.

உனக்கு நினைவிருக்கும், நீ எட்டாம் வகுப்பு படித்தபோதுதான் அது நடந்தது. செவலைப் பசு பொல்லாத மாடு இல்லை. அம்மா குனிந்து கன்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மாடு ஈ ஓட்டத் தலையை ஆட்டியது. கொம்பு இடது புருவத்தில் இடித்தது. ரத்தம் கொஞ்சம்தான். மஞ்சளை அப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனவள், குழம்பைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றியபோதுதான் இடது கண் தெரியவில்லை என்று தனக்கே புரிந்தது என்றாள். மூவருமாகக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சை அடித்துப் பார்த்தார். இடது கண்ணில் அடித்தால் கண்பாப்பா சுருங்கவில்லை. வலது கண்ணில் அடித்தால் இரண்டும் சேர்ந்து சுருங்கின. நீ அவர் முழங்கைக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு புதுச்சேரியில் பெரிய டாக்டர் விளக்கிச் சொன்னார். கண் பழுதில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு எலும்புக்குள் ஒரு சின்ன துவாரம் வழியாகப் போகிறது, அடிபட்ட அதிர்ச்சியில் அது அங்கே நசுங்கிவிட்டது, இனி வராது. நீ வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, இருட்டாக்கி, என் டார்ச்சை எடுத்து அவள் கண்ணில் மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தாய். "வெளிச்சம் உள்ள போவுது அம்மா. அப்புறம் எங்க போவுது?" என்று கேட்டாய். அம்மா உன்னை அறைந்துவிடுவாள் என்று நினைத்தேன். "தெரியலயேடி" என்று மட்டும் சொன்னாள்.

ஊரில் யாரும் அவளை நம்பவில்லை. கண் பளிச்சென்று இருந்தது, பூ விழவில்லை, சிவக்கவில்லை. எதிரே வந்தவர்களை இடது பக்கம் கவனிக்காமல் போனால், கர்வம் பிடித்தவள் என்றார்கள். கல்யாண வீட்டில் பரிமாறியபோது பக்கத்து இலையைத் தட்டிவிட்டாள். "பொட்டைக் கண்ணா ஒனக்கு?" என்று ஒருவர் கேட்க, "ஆமாங்க, ஒரு கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். சிரித்துக்கொண்டே சொன்னாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நீ விலங்கியல் எடுத்துப் படிக்கிறேன் என்றபோது, டாக்டருக்கு இடம் கிடைக்காததால் எடுக்கிறாய் என்று நானும் நினைத்தேன். அம்மா நினைக்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசியதும் இல்லை.

மெட்ராஸில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் மஞ்சள்காமாலை வந்து, கண்ணும் நகமும் மஞ்சளாக நீ வீட்டில் வந்து இறங்கியது ஆடிக் கடைசி. கீழாநெல்லியும் மோரும் கொடுத்துப் படுக்க வைத்தோம். எழுந்து உட்காரத் தெம்பு வந்த உடனே நீ கேட்டது தவளை. "வேலை பாதியில நிக்கிதுப்பா. புரொபசர் இங்கேயே செய்யச் சொல்லிட்டாரு. பெரிய பச்சைத் தவளையா வேணும்." நான் விடிந்ததும் மடை மடையாகப் போய்ச் சாக்கில் பிடித்து வந்தேன். அப்போதெல்லாம் தவளைக் காலுக்கு வெளிநாட்டில் கிராக்கி, ஆட்கள் வயல் வயலாக அள்ளிக்கொண்டு போவார்கள். இப்போது பிடிக்கக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது. அன்றைக்கு என்னைச் சாக்கும் கையுமாகப் பார்த்தவர்களெல்லாம், "என்னங்க, தவளை தின்ன பிரெஞ்சுக்காரன் திரும்பி வர்றானா? விருந்தா?" என்று கேலி செய்தார்கள். மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கத்தைக் கழுவிவிட்டு, பழைய பெஞ்சைப் போட்டு, சிமெண்டுத் தொட்டிகளில் தவளைகளை விட்டாய். மயக்க மருந்து கலந்த தண்ணீரில் தவளை சோர்ந்ததும் அதன் வாயைத் திறந்து, மேலண்ணத்தில் சின்னதாக வெட்டி, ஊசி முனை மாதிரியான இடுக்கியால் இடது கண் நரம்பை ஒரே ஒரு நசுக்கு. அவ்வளவுதான். சில நாள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, அதன் கண்ணைப் பாட்டிலில் மருந்துக்குள் போடுவாய். அம்மா அந்தப் பக்கமே வரமாட்டாள். "பெத்த பொண்ணு இப்படிக் கசாப்புக்காரி ஆவணுமா" என்று அடுப்படியிலிருந்து சத்தம் மட்டும் வரும்.

திருநள்ளாற்றிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தது அந்தச் சமயத்தில்தான். தரகர் சொன்ன தேதி எனக்கு மறந்துபோய், அவர்கள் வந்து நின்ற பிறகுதான் நீ கொட்டகையிலிருந்து கை கழுவி வந்தாய். மாப்பிள்ளையின் அம்மா கால் கழுவக் கொல்லைக்குப் போனார். தொட்டியிலிருந்து ஒன்று தாவி அவர் புடவை மேல் உட்கார்ந்தது. "பொண்ணு என்ன படிக்கிதுன்னீங்க?" என்று கேட்டார். "தவளையோட கண்ணுங்க" என்று நீயே சொல்லிவிட்டாய். காப்பி ஆறிப்போக விட்டுவிட்டுப் போனார்கள். உனக்கு ஏமாற்றம் ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். அம்மா சிரிக்கவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போனாள். எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்க்கப் போகிறாள் என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவள் தொட்டியருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நீயும் வந்தாய். முதல் தடவையாக அன்றைக்குத்தான் கேட்டாள்.

"அப்படி என்னத்தடி பாக்குற இதுங்க கண்ணுல?"

நீ பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைக்குச் சொல்வது போல் அவளுக்குச் சொன்னாய். உன் குரல் எனக்கு இன்னும் அப்படியே கேட்கிறது. "நரம்பு நசுங்கினா, கண்ணுக்குள்ள அதோட சேந்த செல்லுங்களும் கொஞ்சம் செத்துப்போவுதும்மா. செத்தது அங்கயே கெடந்தா மத்ததுக்கும் கெடுதல். கண்ணுக்குப் பின்னால விழித்திரைன்னு ஒரு சவ்வு இருக்கு. அதுல மேலேந்து கீழ வரைக்கும் நெட்டு நெட்டாத் தூணாட்டம் நிக்கிற செல்லுங்க உண்டு. தாங்கிப் புடிக்கிறதுதான் அதுங்க வேலைன்னு நெனச்சிருந்தாங்க. இப்ப பாத்தா, பக்கத்துல செத்துக் கெடக்கிறத அதுங்களே முழுங்கிச் சுத்தம் பண்ணுது. அப்புறம் தவளைக்கு நரம்பு மறுபடி வளந்துருது."

"வளந்து?"

"பார்வை வந்துரும்மா."

அம்மா தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தவளைக்கு வருது. எனக்கு வராதா?"

பொய் சொல்லிவிடு மகளே என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். "வராதும்மா" என்றாய். "நமக்கும் அந்தத் தூண் செல்லு இருக்கு. அதுவும் அள்ளுது. ஆனா நரம்புக்குள்ள கெடக்கிற குப்பைய நம்ம ஒடம்பு ரொம்ப நாளு அப்படியே வச்சிருக்கு. நரம்பும் திரும்ப வளர மாட்டேங்குது. ஏன்னு யாருக்கும் தெரியல."

அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "இதுல ஒண்ண விட்டு வையி. அறுக்காத. அதுக்குக் கண்ணு வர்றத நான் பாக்கணும்."

செல்வி, இத்தனை வருஷத்தில் உன்னைப் பற்றி நான் பெருமைப்பட்ட தருணங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன், நீ வாங்கிய பட்டங்களை அல்ல. பெற்றவளிடம் 'வராது' என்று சொல்ல நெஞ்சில் உரம் வேண்டும். உனக்குப் புத்திமதி என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே. அன்றைக்கு நீ அவளை ஏமாற்றியிருந்தால்தான் இந்த வீட்டுக்குள் வர முகமில்லை என்று இன்றைக்கு நீ சொல்லலாம். நீ ஏமாற்றவில்லையே.

உடம்பு தேறி நீ மெட்ராஸ் போனாய், பாட்டில்களும் உன்னோடு போயின. ஒரு தவளை மட்டும் கிணற்றடித் தொட்டியில் தங்கியது. அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. தினம் காலையில் பால் கறந்து முடித்ததும், வைக்கோல் தாளின் நுனியில் மண்புழுவைக் கட்டிக்கொண்டு அம்மா தொட்டியடியில் உட்காருவாள். வலது பக்கம் ஆட்டினால் தவளை லபக்கென்று பிடிக்கும். இடது பக்கம் ஆட்டினால் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். அவளும் அதற்குச் சமமாக உட்கார்ந்திருப்பாள். மாடு கத்தும், உலை பொங்கும், காதில் விழாது. உனக்குப் போஸ்ட் கார்டு எழுதும் வேலை எனக்கு. "தவளை இன்னும் திரும்பவில்லை என்று அம்மா சொல்லச் சொன்னாள்" என்று எத்தனை கார்டு போட்டேனோ. தபாலாபீசில் அதைப் படித்துவிட்டு, ஏதோ ரகசிய பாஷை என்று நினைத்திருப்பார்கள். நடுவில் ஒரு நாள் சாரைப்பாம்பு கொல்லைக்குள் வந்தபோது, பாம்பென்றால் தெருவுக்கே ஓடுகிறவள் விளக்குமாற்றால் அடித்து விரட்டினாள். "நம்ம வீட்ல வைத்தியத்துக்கு வந்துருக்கு, அத வுட்ருவனா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். வைத்தியம் என்றுதான் சொன்னாள்.

ஐப்பசி மழை ஒருநாள் வெறித்திருந்தது. நான் வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன். தூரத்தில் அவள் வரப்பில் ஓடி வந்தாள். இடது பக்கம் தெரியாதவள் ஈர வரப்பில் ஓடினால் எப்படி இருக்கும்? இரண்டு தடவை வயலுக்குள் விழுந்து எழுந்தாள். "ஏங்க! திரும்பிருச்சுங்க! திரும்பிருச்சு!" எனக்குத் தவளை நினைப்பே இல்லை. நீ மெட்ராஸிலிருந்து வந்துவிட்டாய் என்று நினைத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கிட்டே போனபோதுதான், "இடது பக்கம் ஆட்டினேங்க, டக்குன்னு திரும்பிப் புடிச்சிருச்சு" என்றாள். அவள் முகமெல்லாம் சேறு. நான் சிரித்தேன். அவள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். இடது கண்ணிலிருந்தும் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்தக் கண்ணுக்கு அதற்குத் தடையில்லை. தனக்கு இல்லாததற்காக அழுகிறாள் என்று நினைத்து நான் தோளைத் தொட்டேன். "இல்லீங்க. வழின்னு ஒண்ணு இருக்குல்ல? எங்கயோ ஒரு உசிருக்காவது இருக்குல்ல?" என்றாள்.

தந்தி கொடுத்தேன். அடுத்த பஸ்ஸிலேயே வந்தாய். நீயும் புழுவை ஆட்டிப் பார்த்தாய், திரும்பிப் பிடித்தது. உன் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம் நீ எங்கள் இருவரையும் பார்க்காமல் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாய். நீ என்ன கேட்கப் போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இதையும் அறுக்கணுங்கிற."

"எங்கிட்ட கண்ணு வந்த தவளை வேற இல்லம்மா. இது ஒண்ணுதான் இவ்வளவு நாளு பார்வைய சோதிச்சுப் பாத்தது."

"வந்தத பாத்தாச்சுல்ல? அப்புறம் எதுக்கு?"

"வந்தத பாத்தோம். எப்படி வந்துச்சுன்னு பாக்கலயே."

அன்றைக்கு முழுவதும் அம்மா உன்னோடு பேசவில்லை. உனக்குச் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், அவ்வளவுதான். மறுநாள் காலை வழக்கம் போலப் புழு கட்டி, இடது பக்கமாகவே ஆட்டி, அது திருப்தியாகத் தின்னும் வரைக்கும் கொடுத்தாள். பிறகு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து உன் எதிரே நின்றாள். "இந்தா. எப்படின்னு பாரு. சும்மா மட்டும் அறுத்துடாத" என்றாள். நீ வாங்கிக்கொண்டாய். அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். கத்தரிப் பாத்தியில் அன்றைக்குக் களையே இல்லை. கொட்டகையில் உனக்குக் கிண்ணம் பிடித்தவன் நான்தானே. கண்ணீர் உன் மூக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. முழங்கையால் துடைத்துக்கொண்டு வேலையை முடித்தாய்.

'எப்படின்னு பாரு' என்ற அந்த வார்த்தையைத்தான் நீ இத்தனை காலம் சுமந்துகொண்டிருக்கிறாய். அதை அவள் ஒரு கடனாக உன் தலையில் வைத்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆனால் அடுத்த தை மாதம் நீ அந்தக் கண்ணை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டுகளில் ஒட்டி எடுத்து வந்து, காரைக்காலில் உனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி ஆசிரியரிடம் மைக்ராஸ்கோப் கேட்டு அவளுக்குக் காட்டினாயே, அதை நினைத்துப் பார். அந்த ஆசிரியர் மரியாதையாக, "ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்கம்மா" என்றார். "நான் மூட வேண்டியதில்ல சார்" என்றாள். அவருக்குப் புரியவில்லை, நீயும் நானும் சிரித்துவிட்டோம். ரொம்ப நேரம் பார்த்தாள். ரோஜா நிறமும் ஊதாவுமாக வரி வரியாகத் தெரிகிறது, பட்டுக் கரை மாதிரி இருக்கிறது என்றாள். நீ சொல்லச் சொல்லத் தூண் செல்களைக் கண்டுபிடித்தாள். சிலவற்றின் வயிற்றில் கரும்புள்ளிகள் இருப்பதையும் அவளே சொன்னாள். "அதுதாம்மா, செத்தத முழுங்கி வச்சிருக்கு" என்றாய். "பக்கத்துல இருந்ததுங்கதானே அதெல்லாம்? தின்னுட்டு நிக்கிது பாவம். வுழுவாம நிக்கிது" என்றாள். திரும்பி வரும்போது மிட்டாய்க் கடையில் அவளாகவே அல்வா கேட்டாள். அப்படி அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் கணக்கில் அன்றைக்கே அவளுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. நம்மைப் போல எலிக்கும் ஏன் அந்த நரம்பு மறுபடி வளர்வதில்லை என்று நீ அமெரிக்காவில் தேடுவது உன் வேலை. உன் ஆயுளில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அதற்கும் நம் வீட்டு வாசலுக்கும் சம்பந்தமில்லை.

நீ விமானம் ஏறிய பிறகு அம்மா எப்படி இருந்தாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பாய். நன்றாக இருக்கிறாள் என்றே எழுதுவேன். அது பொய்யில்லை. வேலை செய்தாள், சாப்பிட்டாள், மாட்டோடு பேசினாள். போன மாசியில் காய்ச்சல் வந்து மூன்றாம் நாளே மூச்சு திணறியபோது கூட, "அவளுக்குத் தந்தி அடிச்சு பயமுறுத்தாதீங்க" என்றுதான் சொன்னாள். நான் அடித்தேன். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ வந்து நின்ற அந்தப் பத்து நாளில் நாம் இருவரும் சரியாகப் பேசவே இல்லை, வருகிறவர் போகிறவரைக் கவனிப்பதிலேயே போய்விட்டது. அதனால் ஒன்றை உன்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

நீ அமெரிக்கா போன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து எங்கே போனாலும், கோவிலுக்கோ, பட்டினத்துச் சந்தைக்கோ, அம்மா என்னைத் தன் இடது பக்கம் நடக்கச் சொல்வாள். எனக்குப் புரியவில்லை. நான் பக்கத்தில் வருவது அவளுக்குத் தெரிய வேண்டுமே என்று வலது பக்கம் போவேன். கையைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். "தெரியாத பக்கத்துல என்னைய ஏன் நிக்க வெக்கிற?" நடந்துகொண்டே சொன்னாள்: "நீங்க இருக்கீங்கன்னு எனக்குப் பாக்காமலே தெரியுங்க. தெரியிற பக்கம் செல்விக்கு. அவ வந்தா பாத்துக்கிட்டே நடக்கணும்."

அவ்வளவுதான் அம்மா உன்னிடம் கேட்டது. மாசியில் வா, மகளே. தெவசத்துக்கு முடியாவிட்டால் அதற்கு அடுத்த மாதம் வா. கையில் ஒன்றும் கொண்டுவராதே. நாம் இரண்டு பேரும் சாயங்காலம் ஆற்றங்கரை வரைக்கும் போய்விட்டு வருவோம். எனக்கு இரண்டு கண்ணும் தெரிகிறது. நீ எந்தப் பக்கம் வந்தாலும் பார்ப்பேன்.

அப்பா